வீட்டில் வேக்யூம் சீலிங்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் பதில்களும்

நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக்கு வேக்யூம் சீலர், அதாவது பையில் இருந்து காற்றை எடுத்து வாயை ஒட்டும் மெஷின், வந்து நாலு வருடம் ஆகிறது. வருடத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கும் ஊர் இது. அப்பளம் ஒரே நாளில் நமத்துப்போகும், பருப்புப் பொடியில் கட்டி விழும். அந்தத் தொல்லைக்காகத்தான் வாங்கினேன். அதைப் பார்த்து உறவிலும் தெருவிலும் பலர் வாங்கினார்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி சந்தேகங்கள். போன ஆடியில் ஒரு உறவுக்காரப் பெண் மீன் குழம்பைப் பையில் அடைத்துச் சமையலறை அலமாரியில் மூன்று நாள் வைத்துவிட்டு, "காற்றே இல்லையே, சாப்பிடலாம்தானே?" என்று போனில் கேட்டாள். கொட்டச் சொன்னேன். அதன்பிறகுதான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

இந்த மெஷின் உண்மையில் என்ன செய்கிறது?

பைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, வாயைச் சூட்டால் ஒட்டுகிறது. அவ்வளவுதான். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதற்கும், பூஞ்சை பிடிப்பதற்கும், வண்டு உயிரோடு இருப்பதற்கும் அது வேண்டும். அதைக் குறைத்தால் இந்த மூன்றும் மட்டுப்படும். வெளியே இருக்கும் ஈரமும் உள்ளே வராது.

வீட்டு மெஷின் எதுவும் முழு வெற்றிடம் ஆக்காது, கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும். உணவில் ஏற்கனவே இருக்கும் ஈரத்தை அது எடுக்காது. கிருமியையும் கொல்லாது.

காற்றுதான் இல்லையே, அப்புறம் ஃபிரிட்ஜ் எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். எல்லாக் கிருமிக்கும் காற்று வேண்டும் என்பது தவறு. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்று ஒரு பாக்டீரியா மண்ணிலும் கடல் சேற்றிலும் இருக்கிறது. அது காற்று இல்லாத இடத்தில்தான் வளரும். வளரும்போது நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். மிகச் சிறிய அளவே உயிருக்கு ஆபத்து. அதன் வித்துகள் சாதாரணக் கொதியில் சாவதில்லை. டின் உணவு ஆலைகளில் 121 டிகிரி வரை அழுத்தத்தில் சூடேற்றுவது அதற்காகத்தான்.

அந்தக் கிருமிக்கு ஈரமும் வேண்டும், புளிப்பும் உப்பும் குறைவாக இருக்கவும் வேண்டும். அமிலத்தின் அளவுகோலான பிஎச் 4.6-க்குக் கீழே போனால் அது வளராது. சமைத்த குழம்பு, பொரியல், வேகவைத்த கறி, பச்சை மீன் எல்லாம் அதற்கு வசதியான இடங்கள். இவற்றைப் பையில் அடைத்து வெளியே வைப்பது, காற்றைப் பார்த்து ஒதுங்கும் கிருமிக்கு நாமே வீடு கட்டிக் கொடுப்பது. திறந்த பாத்திரத்தில் வைத்திருந்தால் வேறு கிருமிகள் வளர்ந்து, நாற்றம் அடித்து நம்மை எச்சரித்திருக்கும். பையில் அந்த எச்சரிக்கையும் கிடைக்காமல் போகலாம்.

ஆகவே ஈரமான எதுவும் 4 டிகிரிக்குக் கீழே ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், அல்லது மைனஸ் 18-ல் ஃபிரீசரில். ஃபிரிட்ஜில் வைத்த குழம்பை, பையில் அடைத்திருந்தாலும், மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அடைத்ததற்காக நாளைக் கூட்டுவதில்லை.

அப்படியானால் எதைத்தான் வெளியே வைக்கலாம்?

கையில் எடுத்தால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்தவை: அரிசி, பருப்பு, ரவை, மிளகாய் வற்றல், மிளகு, கிராம்பு, வடகம், அப்பளம், வறுத்து அரைத்த பொடிகள். முந்திரி, வேர்க்கடலை, எள் போன்ற எண்ணெய்ச் சத்து உள்ளவற்றுக்குத்தான் அடைப்பதால் லாபம் அதிகம், ஏனென்றால் அவை கெடுவதே ஆக்சிஜனால். கம்பு மாவு ஒன்று தனி. அரைத்த சில நாட்களிலேயே கசப்பு ஏறும். அதற்கு மாவிலேயே இருக்கும் நொதிகளும் காரணம் என்பதால் அடைத்தாலும் முழுதாகத் தப்பாது. கம்பை முழுசாக அடைத்து வைத்து, வேண்டும்போது அரையுங்கள்.

வெயிலில் காயப்போட்ட வற்றலை அன்று மாலையே அடைக்காதீர்கள். மேலே காய்ந்தும் நடுவில் ஈரம் இருக்கலாம். ஒரு சில்வர் டப்பாவில் போட்டு இரண்டு நாள் மூடி வைத்துப் பாருங்கள். மூடியின் உட்புறம் துளி ஈரம் தெரிந்தால் மறுபடி வெயிலுக்குப் போகட்டும்.

அரிசி, பருப்பில் வண்டு வராமல் இருக்குமா?

வரும் வழி பெரும்பாலும் வெளியில் இருந்து இல்லை. அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து உள்ளே முட்டை வைத்து அடைத்துவிடும். கடையில் வாங்கும்போதே முட்டை உள்ளே இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. பையில் ஆக்சிஜன் குறைந்தால் வளர்ச்சி தடைபடும், ஆனால் மிச்சக் காற்றை நம்பி முட்டை எல்லாம் அழிந்துவிடும் என்று சொல்ல முடியாது.

நான் செய்வது இது: இரண்டு கிலோ பைகளாக அடைத்து, நாலு நாள் ஃபிரீசரில் வைத்துவிடுகிறேன். அந்தக் குளிரில் முட்டையும் புழுவும் சாகும். அப்புறம் வெளியே எடுத்து, பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வரவிட்டு, அதன்பிறகு அலமாரி. குளிர்ந்த பையை உடனே திறந்தால் அரிசி மேல் பனித்துளி படிந்து ஈரமாகிவிடும். நீண்ட நாளைக்கு வைக்கிறீர்கள் என்றால் வெள்ளை அரிசியைத் தேர்ந்தெடுங்கள். கைக்குத்தல் அரிசியின் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, அது சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும்.

மைனி, பொடி அடைச்சா மெஷின் வாயெல்லாம் தூள் ஏறுது. என்ன செய்ய?

பொடியை முதலில் ஒரு சின்ன காகிதப் பையிலோ மெல்லிய துணியிலோ போட்டு, அதை வேக்யூம் பைக்குள் வையுங்கள். அது இல்லையென்றால் பொடியின் மேல் டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்தாலும் தூளைத் தடுக்கும். ஒட்டும் இடத்தில் தூள் படிந்தால் அந்த இடம் சரியாக ஒட்டாது, பிறகு காற்று ஏறும்.

பொடி முழுக்க ஆறியிருக்க வேண்டும். முதல் வருடம் அண்ணன் மகனுக்கு பெங்களூருக்கு அனுப்பிய பருப்புப் பொடியை மிதமான சூட்டிலேயே அடைத்துவிட்டேன். போய்ச் சேர்ந்தபோது செங்கல் மாதிரி கட்டியாகியிருந்தது, பூஞ்சையும் பிடித்திருந்தது. இப்போது தாம்பாளத்தில் பரப்பி, ஃபேன் இல்லாமல் இரண்டு மணி நேரம் ஆறவைத்த பிறகுதான் பையை எடுக்கிறேன்.

சாதாரண பிளாஸ்டிக் கவர் போட்டா காத்தை இழுக்கவே மாட்டேங்குது, ஏன்?

வீட்டு மெஷின் பையின் வாய் வழியாக இழுக்கிறது. வழவழப்பான கவரில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், காற்று போக வழி இருக்காது. அதற்குத்தான் ஒரு பக்கம் கட்டம் கட்டமாகப் புடைத்திருக்கும் பை. அந்தப் புடைப்புகளுக்கு இடையே காற்று ஓடி வெளியேறும். கடைகளில் இருக்கும் பெட்டி வடிவ மெஷினில் வழவழப்பான பையும் வேலை செய்யும். ஏனென்றால் அதில் பையோடு சேர்த்துப் பெட்டி முழுவதில் இருந்தும் காற்று எடுக்கப்படுகிறது.

ரோலாக வாங்கி அளவுக்கு வெட்டிக்கொள்வது மலிவு. உணவுக்கு மேலே நாலு விரல்கடை இடம் விட்டு வெட்டுங்கள்.

பை மூணாம் நாளே தளர்ந்துபோகுது. மெஷின் கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. ஒட்டுமிடத்தில் ஈரம், எண்ணெய், தூள் அல்லது ஒரு சுருக்கம் இருந்திருக்கும். அடைக்கும் முன் பையின் வாயைக் கைக்குட்டை மடிப்பதுபோல் வெளிப்பக்கமாக மடித்துக்கொண்டு உணவைப் போடுங்கள், பிறகு நிமிர்த்துங்கள். வாய் சுத்தமாக இருக்கும். முக்கியமானதுக்கு ஒரு விரல் தள்ளி இரண்டாவது ஒட்டு போடுங்கள். தொடர்ந்து பத்துப் பதினைந்து பை அடைத்தால் சூட்டுக் கம்பி அளவுக்கு மேல் சூடேறும், நடுநடுவே ஓய்வு கொடுங்கள்.

கிராம்பு, பட்டை, எலும்புத் துண்டு போன்ற கூரானவை பையில் ஊசித்துளை போட்டுவிடும். தளர்ந்த பையைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். காய்ந்த பொருள் என்றால் வேறு பையில் மாற்றலாம். ஈரமான பொருள் என்றால் எவ்வளவு நேரமாகத் தளர்ந்திருக்கிறது என்று தெரியாதவரை மாற்றி அடைக்காதீர்கள்.

மீன் வாங்கினதும் அடைச்சு ஃபிரீசரில் போட்டா எத்தனை மாதம் இருக்கும்?

மீனுக்குத்தான் இந்த மெஷின் உண்மையில் வாங்கத் தகுந்தது. திறந்த டப்பாவில் உறையவைத்த மீன் ஓரமெல்லாம் வெளுத்து வறண்டு தக்கைபோல் ஆகிவிடும். உறைந்த நிலையிலேயே மீனின் ஈரம் காற்றில் போய்விடுவதால் வருவது அது. பை உடலோடு ஒட்டியிருந்தால் அது நடக்காது. குளச்சல் சாளை, அயிலை இரண்டிலும் எண்ணெய் அதிகம். மூன்று மாதத்துக்கு மேல் நான் வைப்பதில்லை, ருசி மாறுகிறது. நெய்மீன், பாறை துண்டுகள் அதைவிடக் கொஞ்சம் கூடத் தாங்கும்.

மீன் வாங்கிய அன்றே, ஐஸில் இருந்து எடுத்த உடனே, கழுவித் துடைத்து அடையுங்கள். இதை வலியுறுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சாளை, அயிலை, சூரை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் அதில் உருவாகும். சாப்பிட்டால் முகம் சிவந்து தடிப்பு வரும், தலைவலி, வயிற்றுப்போக்கு. அது உருவான பிறகு உறையவைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. பையும் அதைத் திருப்பி எடுக்காது. மத்தியானம் வரை கூடையில் கிடந்த மீனை அடைத்துப் பாதுகாப்பதில் பயனில்லை.

உறைஞ்ச மீன் பையை அப்படியே ஃபிரிட்ஜில் இளக வைக்கலாமா?

பையின் வாயை வெட்டித் திறந்துவிட்டு வையுங்கள். இது பலருக்குத் தெரியாது. முன்னால் சொன்ன பாட்டுலினம் கிருமியில், கடலில் வாழும் ஒரு வகை 3 டிகிரிக்குச் சற்று மேலேயே வளர ஆரம்பித்துவிடும். நம் வீட்டு ஃபிரிட்ஜ் பல நேரம் அதைவிடச் சூடாகத்தான் இருக்கிறது. உறைந்திருக்கும்வரை வளராது. இளகும்போது காற்று பட்டால் அதற்கு அந்த வசதி கிடைக்காது. ஒரு ஓரம் வெட்டி, கிண்ணத்தில் வைத்து, அடித்தட்டில் இளக விடுங்கள். அவசரம் என்றாலும் அறைச் சூட்டில் கிடத்தாதீர்கள்.

கருவாட்டை அடைத்தால் வீட்டில் நாற்றம் வராதுதானே? அலமாரியில் வைக்கலாமா?

நாற்றம் கட்டுப்படும், இரண்டு பை போட்டால் இன்னும் நன்றாகக் கட்டுப்படும். அலமாரியா என்பது கருவாட்டைப் பொறுத்தது. கல்போலக் காய்ந்து உப்பு வெளியே தெரியும் கருவாடு ஒரு மாதிரி. நடுவில் வளையும் அளவுக்கு ஈரம் உள்ள கருவாடு வேறு மாதிரி. சந்தையில் கிடைப்பதில் இரண்டாவதுதான் அதிகம் என்பது என் அனுபவம். இரண்டையும் நான் ஃபிரீசரில்தான் வைக்கிறேன். நெத்திலி என்றால் முதலில் தாளில் சுற்றுங்கள், தலையும் முள்ளும் பையைக் குத்தும்.

சாம்பார், ரசம், குழம்பு எப்படி அடைப்பது? தண்ணீரை மெஷின் உறிஞ்சிடுதே.

முதலில் உறையவையுங்கள். ஒருவேளைக்கான அளவைச் சின்ன டப்பாவில் ஊற்றி, ஒரு இரவு ஃபிரீசரில் வைத்து, கட்டியானதும் டப்பாவில் இருந்து தட்டி எடுத்துப் பையில் போட்டு அடையுங்கள், உடனே திரும்ப ஃபிரீசர். தேங்காய்த் துருவலையும் சக்கைச் சுளையையும் (பலாச்சுளை) இப்படித்தான் தட்டில் பரப்பி உறையவைத்து அடைக்கிறேன். முதலில் உறைந்தால் சுளை நசுங்காது.

ஊறுகாய் மாதிரி உறையாத எண்ணெய்ப் பண்டத்துக்கு, பையை மேசை விளிம்பில் கீழே தொங்கவிட்டு அடையுங்கள். எண்ணெய் மேலே ஏறுவதைப் பார்த்ததும் ஒட்டும் பொத்தானை அமுக்கிவிட வேண்டும்.

சூடா அடைச்சா கிருமி செத்துரும்லா?

சாகாது, அதோடு அடைக்கவும் முடியாது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கானால் 60 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். சூடான குழம்பு பைக்குள் பொங்கி, ஆவி மெஷினுக்குள் போகும். அதோடு, சூடாக மூடிய பை நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், கிருமி வளர அதைவிடத் தோதான நிலை இல்லை. அகலப் பாத்திரத்தில் ஊற்றி, குளிர்ந்த தண்ணீரில் பாத்திரத்தை வைத்து வேகமாக ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிருக்கு அனுப்புங்கள். சாதத்துக்கு இது இன்னும் முக்கியம்.

இட்லி மாவை அடைத்து வைத்தால் புளிக்காமல் இருக்குமா?

இருக்காது. மாவைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவுக்குக் காற்று தேவையில்லை. அது வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், பை பந்துபோல் உப்பி ஒரு நாள் பிளந்துகொள்ளும். மாவுக்கு ஃபிரிட்ஜும் முக்கால் நிரம்பிய பாத்திரமும் போதும்.

முறுக்கும் நேந்திரங்காய் சிப்ஸும் நொறுங்கிப்போகுதே?

பை இறுக்கும்போது நொறுங்கத்தான் செய்யும். கடைச் சிப்ஸ் பை உப்பலாக இருப்பது நைட்ரஜன் நிரப்பியிருப்பதால், வெற்றிடத்தால் அல்ல. மெஷினோடு குழாய் வைத்துக் கண்ணாடி ஜாடியில் இருந்து காற்றை எடுக்கும் மூடி கிடைக்கிறது. பலகாரத்துக்கு அதுதான் சரி. தீபாவளி முறுக்கு எங்கள் வீட்டில் கார்த்திகை வரை அப்படித்தான் மொறுமொறுப்பாக இருக்கிறது. அது இல்லையென்றால் பழையபடி இறுக்கமான டின் போதும்.

இஞ்சி பூண்டு விழுது, எண்ணெயில் போட்ட பூண்டு: அடைத்தால் எத்தனை நாள்?

வெளியே ஒரு நாளும் வேண்டாம். பூண்டு மண்ணுக்குள் விளைவது, பாட்டுலினம் வித்து அதில் இருக்க வாய்ப்பு உண்டு. புளிப்பும் கிடையாது. எண்ணெயில் மூழ்கினாலும் பையில் அடைத்தாலும் காற்று கிடையாது. இரண்டாவது கேள்வியில் சொன்ன எல்லா நிபந்தனையும் ஒன்றாகச் சேரும் இடம் இது. விழுதைப் பையில் தட்டையாகப் பரப்பி ஃபிரீசரில் போடுங்கள், வேண்டிய அளவு ஒடித்துக்கொள்ளலாம். பச்சைக் காளானைக் காற்றெடுத்து அடைக்கவே வேண்டாம்.

"பாட்டி ஊறுகாய் மேல் நல்லெண்ணெய் நிற்கும்படிதானே ஊற்றுவார்?" என்று கேட்பார்கள். சரிதான். அந்த எண்ணெய் காற்றைத் தடுத்தது, பூஞ்சை பிடிக்கவில்லை. ஆனால் ஊறுகாயைக் காத்தது எண்ணெய் மட்டும் இல்லை. கைநிறையப் போட்ட உப்பும், மாங்காய், எலுமிச்சையின் புளிப்பும்தான். உப்பையும் புளிப்பையும் விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் பாட்டியிடம் இருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது.

சிலிக்கா ஜெல் பொட்டலமும் ஆக்சிஜன் அப்சார்பரும் ஒன்றா? ரெண்டையும் போடலாமா?

ஒன்றல்ல. சிலிக்கா ஜெல் ஈரத்தை இழுக்கும். ஆக்சிஜன் அப்சார்பர் என்பது இரும்புத் தூள். அது துருப்பிடிக்கும்போது பையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். துருப்பிடிக்கக் கொஞ்சம் ஈரம் வேண்டும், பக்கத்திலேயே சிலிக்கா ஜெல் இருந்தால் வேலை கெடும். அரிசி, பருப்பு நீண்ட நாளைக்கு என்றால் அப்சார்பர், மொறுமொறுப்பு வேண்டுமென்றால் சிலிக்கா ஜெல். அப்சார்பர் கட்டைப் பிரித்ததும் காற்றில் வேலை செய்ய ஆரம்பித்துவிடும், ஆகவே பைகளை எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு பிரியுங்கள். ஈரப் பண்டத்தில் அப்சார்பர் போடவே கூடாது. காரணம் மறுபடியும் அந்த இரண்டாவது கேள்விதான்.

பையைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாமா?

அரிசி, பருப்பு அடைத்த பை என்றால் நுனியை வெட்டித் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பச்சை மீன், கறி, முட்டை அடைத்த பை குப்பைக்கு. அந்தப் புடைப்புக் கட்டங்களுக்குள் இருப்பதைக் கழுவி எடுக்க முடியாது.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அடைத்து அனுப்பினால் கஸ்டம்ஸில் விடுவார்களா?

அடைப்பதால் சட்டம் மாறாது. அவர்கள் பார்ப்பது பைக்குள் என்ன என்பதைத்தான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு வெளியில் இருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. ஆஸ்திரேலியாவில் எந்த உணவாக இருந்தாலும் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம். மசாலாப் பொடிகளை அடைத்து, மேலே பெயரும் தேதியும் ஆங்கிலத்தில் ஒட்டி அனுப்புங்கள். பெயரில்லாத பழுப்புப் பொடியைப் பார்த்தால் யாரும் சந்தேகப்படத்தான் செய்வார்கள்.

மெஷின் வாங்க வசதி இல்லை. வேறு வழி?

ஜிப் பையில் பொருளைப் போட்டு, ஒரு மூலையை மட்டும் திறந்துவைத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அமுக்குங்கள். தண்ணீரின் அழுத்தம் காற்றை வெளியே தள்ளும். வாய் தண்ணீருக்கு மேலே இருக்கும்போதே மூடிவிடுங்கள். ஒரு மாதத்துக்குள் சமைக்கப்போகிற மீனுக்கு இது போதும்.

பை உப்பியிருக்கு. வாசனை நல்லாத்தான் இருக்கு. கொட்டணுமா?

புதிதாக வறுத்த காப்பிக்கொட்டை வாயு விடும், அது உப்பினால் தவறில்லை. பச்சை முட்டைக்கோஸ், காலிபிளவர் கூட வாயு விடும், அவற்றை லேசாகக் கொதிநீரில் போட்டெடுத்து உறையவைத்தால் உப்பாது. சமைத்த பண்டமோ மீனோ கறியோ உப்பியிருந்தால் திறக்காமல், ருசி பார்க்காமல் எறியுங்கள். உப்பவில்லை என்பதற்காக நல்லது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. பாட்டுலினம் நஞ்சு வாடையோ நிறமோ மாறாமலும் இருக்கலாம்.

அலமாரியில் ரெண்டு நாள் கிடந்த குழம்புப் பையை நல்லா கொதிக்க வெச்சுச் சாப்பிடலாமா? வீணாக்க மனசு வரல.

அந்த மனசு எனக்குப் புரிகிறது, மீன் விற்கிற விலையில். பாட்டுலினம் நஞ்சு 85 டிகிரிக்கு மேல் ஐந்து நிமிடம் கொதித்தால் அழிந்துவிடும் என்பதும் உண்மை. ஆனால் அறைச் சூட்டில் வளர்வது அது ஒன்று மட்டும் இல்லை. கையில் இருந்து வரும் ஸ்டஃபிலோகாக்கஸ், சாதத்தில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் இரண்டும் விடும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. கெட்டியான குழம்பு நடுவரை அதே சூட்டுக்கு வந்ததா என்று நமக்குத் தெரியவும் தெரியாது. கொட்டுங்கள்.

யாராவது ஏற்கனவே சாப்பிட்டுவிட்டு, ஒரு நாள் இரண்டு நாளில் பார்வை இரண்டாகத் தெரிகிறது, இமை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது, விழுங்க முடியவில்லை என்று சொன்னால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன சாப்பிட்டார்கள், எத்தனை நாள் பையில் இருந்தது என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் பையையும் கட்டி எடுத்துப் போங்கள்.